குளிக்கிறவனுக்கும் மீனுக்கும் ஒரே ஆறு

(புளியங்குடியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆறில்லாத ஊரில் ஆற்றைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று சிலர் நினைக்கலாம். நியாயந்தான். நம் புளியங்குடிக்கு மேற்கே மலை இருக்கிறது. மழை பெய்தால் ஓடைகள் இறங்கிக் குளங்களை நிரப்புகின்றன. அதற்குப் பிறகு கல்லும் மணலுந்தான். வருஷம் பூராவும் ஓடுகிற ஆறு நமக்கு இல்லை. ஆனாலும் ஓர் ஆறு நம் வீட்டுக் குடத்தில் வந்து விழுகிறது. தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் புளியங்குடி, சங்கரன்கோவில், இராஜபாளையம் ஆகிய மூன்று நகரங்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிறோம். சீசனுக்குக் குற்றாலம் போகிறோம். அங்கே அருவியாய் விழுகிற சிற்றாறு தென்காசியைத் தாண்டி ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடுதான் கலக்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் ஆற்றுப் பாசனப் பக்கம் போகிற தாய்மார்கள் வேலை முடிந்ததும் அந்த ஆற்று வாய்க்காலில்தான் கை கால் கழுவி, குளித்துவிட்டு வருகிறார்கள். 1999 ஜூலை 23-ந் தேதி திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தின்மேல் போலீஸ் தடியடி நடந்தபோது 17 பேர் மாண்டதும் அந்த ஆற்றில்தான். ஆகவே அது நமக்கு அந்நியமான ஆறு அல்ல.

அந்த ஆற்றைப் பற்றி 2018-ல் ஒரு செய்தி வந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தியாவில் கெட்டுப்போன ஆற்றுப் பகுதிகள் என்று 351 இடங்களைப் பட்டியல் போட்டது. தமிழ்நாட்டில் ஆறு நதிகள். சேலம் பக்கத்துச் சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி. அவற்றோடு காவேரி, பவானி. ஆறாவது நம் தாமிரபரணி. பொதிகையில் பிறந்து, தமிழ்நாட்டு மண்ணிலேயே ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேருகிற ஆறு. வற்றாத ஜீவநதி என்று மேடைதோறும் புகழப்படுகிற ஆறு.

ஐந்து தரம் வைத்துக் கெட்டதை வரிசைப்படுத்தினார்கள். மிக மோசமானது முதல் தரம். தாமிரபரணி ஐந்தாம் தரத்தில் வந்தது. "கடைசித் தரந்தானே, பரவாயில்லை" என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். வேறு சிலர், "எங்கள் ஆறு புண்ணிய நதி, அதைக் கெட்டது என்று சொல்ல இவர்கள் யார்?" என்று கோபித்தார்கள். இரண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. எதைக் கொண்டு அளந்தார்கள்? எந்த அளவு வந்தால் நல்லது, எந்த அளவு வந்தால் கெட்டது? அந்தக் கேள்விக்கு விடை தெரியாதவரை ஆறு நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் தலையாட்டத்தான் வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கண்ணால் பார்த்துத் தண்ணீரின் தராதரத்தைச் சொல்லிவிட முடியாது. ஜெர்மனியில் ஹாம்பர்க், ஆல்டோனா என்று ஒட்டிக்கிடந்த இரண்டு நகரங்கள். இரண்டும் எல்பே என்ற ஒரே ஆற்றில் குடிதண்ணீர் எடுத்தன. ஹாம்பர்க் மேலே, ஆல்டோனா கீழே. அதாவது ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த தண்ணீரைத்தான் ஆல்டோனா எடுத்தது. ஆனால் அது மணலில் வடிகட்டி விநியோகித்தது. பணக்கார ஹாம்பர்க் நகரசபை வடிகட்டும் செலவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. 1892-ல் காலரா வந்தது. ஹாம்பர்க்கில் 8,600 பேர் வரை மாண்டார்கள், பெரும்பாலும் ஏழைகள். எல்லைத் தெருவின் ஒரு பக்கத்து வீடுகளில் சாவு, எதிர்ப்பக்கத்தில் இல்லை. பார்வைக்கு எந்தத் தண்ணீர் மேல் என்று கேட்டிருந்தால் யார் சரியாகச் சொல்லியிருப்பார்கள்?

ஆகவே அளவு வேண்டும். ஆற்றுக்கு முக்கியமான அளவுகள் மூன்று. ஒன்று பிராணவாயு. இரண்டாவது, அந்தப் பிராணவாயுவைத் தின்கிற அழுக்கு. மூன்றாவது, மலத்தோடு வருகிற கிருமி.

பிராணவாயுவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மனிதனைப் போல மீனுக்கும் மூச்சு உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கிற பிராணவாயுவைச் செவுள் வழியாக அது எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு கரைந்திருக்கும்? மிகக் கொஞ்சம். 20 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம். சூடு ஏற ஏறக் கொள்ளளவு குறையும். பனிநாட்டு ஆற்றைவிட நம் ஆறு பிறவியிலேயே இந்த விஷயத்தில் ஏழை. அதனால் அங்கே தாங்கக்கூடிய அழுக்கைக்கூட இங்கே தாங்காது. சித்திரை, வைகாசியில் ஆறு மெலிந்து சூடாகக் கிடக்கும்போது நிலைமை இன்னும் மோசம்.

இதை அளக்கிற முறையை 1888-ல் வின்க்ளர் என்ற ஹங்கேரி நாட்டு ரசாயன விஞ்ஞானி கண்டுபிடித்தார். இன்றும் பரிசோதனைச் சாலைகளில் அது நடக்கிறது. குமிழி இல்லாமல் சீசா நிறையத் தண்ணீர் எடுத்து, அதில் மாங்கனீசு உப்பும், அயோடின் கலந்த காரமும் விடுகிறார்கள். சீசாவில் ஒரு வண்டல் இறங்கும். வண்டல் பழுப்பானால் தண்ணீரில் பிராணவாயு உண்டு. வெள்ளையாகவே நின்றால் இல்லை. பிறகு அமிலம் விட்டால் மஞ்சளாகும். அதில் கொஞ்சம் கஞ்சி சேர்த்தால் நீலமாகும். ஆமாம் தோழர்களே, நம் நெசவாளி பாவுக்குப் போடுகிறாரே, அந்தக் கஞ்சிச் சரக்குதான். பழைய போட்டோக் கடைகளில் இருந்த ஹைப்போ உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறைகிறவரை எத்தனை சொட்டு என்று கணக்கெடுத்தால் பிராணவாயுவின் அளவு கிடைத்துவிடும். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்யலாம்.

மனிதர்கள் குளிக்கிற ஆற்றில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது பிராணவாயு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மீன் முதலான ஜீவராசிகள் பிழைக்க 4 மில்லிகிராமாவது வேண்டும். இந்த எண்களை மனதில் வையுங்கள். கூடவே இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பாசி வெயிலை வாங்கிப் பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் வெயில் இல்லை. பாசியும் மீனும் கிருமியும் சேர்ந்து பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. எனவே மிகக் குறைவான நேரம் விடியற்காலை. பாசி மண்டிய தண்ணீரில் மத்தியானம் இரண்டு மணிக்கு மாதிரி எடுத்தால் 8 என்றுகூட வரும். அதே இடத்தில் கோழி கூவுகிற நேரத்தில் 3-க்கு இறங்கியிருக்கும். மீன் சாவது மத்தியானத்தில் அல்ல. ஆபீசு நேரத்தில் எடுத்த மாதிரியைக் காட்டி "ஆறு சுகமாக இருக்கிறது" என்றால், காய்ச்சல்காரனைக் காய்ச்சல் விட்ட நேரத்தில் பார்த்துவிட்டுப் போன டாக்டரைப் போலத்தான்.

விடியற்காலையில் குளத்திலோ மடுவிலோ மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரை தேடுகிறது என்று நினைப்பார்கள். மூச்சுக்குத் தவிக்கிறது, தோழர்களே.

இனி இரண்டாவது அளவு. சாக்கடை, எச்சில், மலம், ஆலைக் கழிவு, அழுகின இலை என்று எது ஆற்றில் விழுந்தாலும் கிருமிகள் அதைத் தின்று தீர்க்கின்றன. தின்னும்போது பிராணவாயுவை இழுக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்ன எத்தனை மில்லிகிராம் பிராணவாயு செலவாகிறது என்பதே இந்த அளவு. ஒரே இடத்தில் இரண்டு சீசா எடுத்து, ஒன்றை உடனே அளக்கிறார்கள். மற்றொன்றை இருட்டில் மூடி வைத்து ஐந்து நாள் கழித்து அளக்கிறார்கள். குறைந்த அளவுதான் அழுக்கின் பசி. ஏன் ஐந்து நாள்? இது இங்கிலாந்தில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சாக்கடை பற்றி விசாரித்த ராயல் கமிஷன் வைத்த கணக்கு. அந்த நாட்டு ஆறுகள் கடலில் போய்ச் சேர ஐந்து நாளுக்குமேல் ஆகாது என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் ஆற்றின் கணக்கு உலகத்துக்கே கணக்காகிவிட்டது! நம் நாட்டின் சூட்டுக்கு ஏற்ப 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிற முறையும் இப்போது இங்கே வந்திருக்கிறது.

குளிக்கிற ஆற்றில் இந்தப் பசி 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. 2018 பட்டியலில் ஐந்தாம் தரம் என்றது 3-க்கு மேல் 6 வரை. முதல் தரம் என்றது 30-க்கு மேல். இப்போது புரிகிறதா? கடைசித் தரந்தானே என்ற சமாதானத்தின் அர்த்தம், குளிப்பதற்கான வரம்பைத் தாண்டியாகிவிட்டது என்பதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. சாதாரண வீட்டுச் சாக்கடைக்குப் பசி சுமார் 200. நல்ல ஆற்றுத் தண்ணீருக்கு 1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடம் சாக்கடையை 99 குடம் நல்ல தண்ணீரில் கொட்டுங்கள். மொத்தப் பசி 299, குடம் 100. ஒரு குடத்துக்கு மூன்றுக்கு ஒரு முடி குறைவு. அதாவது ஒரு குடம் சாக்கடையைச் சுமக்க ஆற்றில் நூறு குடம் ஓட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஓடும். கோடையில்? தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கால்வாய்களுக்குத் தண்ணீர் பிரிகிறது. குடிதண்ணீருக்கும் ஆலைகளுக்கும் உறிஞ்சப்படுகிறது. அதையெல்லாம் நிறுத்தச் சொல்லவில்லை. பயிருக்குத் தண்ணீர் வேண்டும், நமக்கும் குடிக்க வேண்டும். ஆனால் எடுக்கிறவர்கள் எல்லோரும் நல்ல தண்ணீரை எடுக்கிறார்கள், விடுகிறவர்கள் கெட்ட தண்ணீரை விடுகிறார்கள். நூறு குடம் எங்கே மிஞ்சும்?

மூன்றாவது அளவு, மலக்கிருமி. மனிதன், மாடு, நாய் எல்லாவற்றின் குடலிலும் கோலி என்ற ஒரு வகைக் கிருமி இருக்கிறது. எஷெரிக் என்ற டாக்டர் 1885-ல் இதை எழுதிவைத்தார். அதில் பெரும்பாலானவை தம்மளவில் சாதுவானவை. ஆனால் தண்ணீரில் அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலம் கலந்தால் காலரா, டைபாய்டு, மஞ்சள்காமாலை, சீதபேதி ஆகியவற்றின் கிருமியும் வரக்கூடும். புகையைப் பார்த்து நெருப்பைச் சொல்வது போல. நூறு மில்லி தண்ணீரில், அதாவது அரை டம்ளரில், இந்தக் கிருமி 500 வரை இருக்கலாம், எக்காரணம் கொண்டும் 2,500-ஐத் தாண்டக் கூடாது என்று 2000-ம் வருஷத்தில் சர்க்கார் குளியல் நீருக்கு விதி செய்தது. பிராணவாயுவும் அழுக்கின் பசியும் சரியாக இருந்தும் இந்த ஒன்றில் மட்டும் தோற்கிற ஆறுகள் உண்டு. தெளிந்து சலசலத்து ஓடும். முங்கி எழுந்து வாய் கொப்பளித்தவனுக்கு மறுநாள் வயிற்றுப்போக்கு. குழந்தைகளுக்குக் காதில் சீழ், கண்ணில் எரிச்சல், சொறி.

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். மத்திய வாரியம் ஆற்றுத் தண்ணீரை உபயோகத்துக்குத் தக்கபடி ஐந்து வகுப்பாகப் பிரித்திருக்கிறது. கிருமி மட்டும் நீக்கிக் குடிக்கத் தக்கது முதல் வகுப்பு. குளிக்கத் தக்கது இரண்டாவது. முறைப்படி சுத்திகரித்துக் குடிக்கத் தக்கது மூன்றாவது. மீனும் வனஜீவராசிகளும் வாழத் தக்கது நான்காவது. பாசனத்துக்கும் ஆலை இயந்திரத்தைக் குளிரவைப்பதற்கும் தக்கது ஐந்தாவது.

வகுப்புப் பிரித்ததில் தப்பில்லை. எல்லாத் தண்ணீரும் எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் எதை அளக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று உற்றுப் பாருங்கள். மீன் வகுப்பில் பிராணவாயு, புளிப்பு-காரத் தன்மை, அம்மோனியா இவற்றைக் கேட்கிறார்கள். மூத்திரமும் உரமும் சாக்கடையும் கலந்த இடத்தில் அம்மோனியா ஏறும். அது மீனின் செவுளைப் பாழாக்கும். அது லிட்டருக்கு 1.2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. மலக்கிருமியைக் கேட்கவில்லை. மீனுக்குப் பேதி வராது, சரி. குளியல் வகுப்பில் அம்மோனியாவைக் கேட்கவில்லை. ஆகவே குளிக்கத் தக்க ஆறு மீனுக்கும் தக்கது என்றோ, மீன் துள்ளுகிற ஆறு குளிக்கவும் தக்கது என்றோ சொல்லிவிட முடியாது. "மீனெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று படித்துறையில் ஒருவர் சொன்னால், அது மீனுக்கான பதில்; உங்கள் குழந்தைக்கான பதில் அல்ல.

ஐந்தாம் வகுப்பைப் பாருங்கள். உப்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு, போரான் எவ்வளவு, புளிப்பு-காரத் தன்மை என்ன என்று கேட்கிறார்கள். இவ்வளவுதான். பிராணவாயு கேட்கவில்லை, மலக்கிருமி கேட்கவில்லை. ஏனென்றால் அது பாசனத் தண்ணீர், பயிருக்குப் போகிறது. ஆனால் அந்தத் தண்ணீரில் காலை ஆறு மணியிலிருந்து முழங்கால் மட்டும் நிற்பது யார்? நடவு நடுகிற தாய்மார். களை பறிக்கிறவர்கள். மடை திருப்புகிறவர். காலில் வெடிப்பு, கையில் அரிவாள் வெட்டு. எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரிலிருந்து அந்த வெடிப்பின் வழியாக எலிக்காய்ச்சல் ஏறுகிறது. அது சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுத்து ஆளையே கொல்லக்கூடிய நோய். பொழுதுபோக்காக அரைமணி நேரம் முங்கிக் குளிக்கிறவருக்கு ஒரு வகுப்பு இருக்கிறது. நாள் முழுதும் தண்ணீரிலேயே வேலை செய்கிறவருக்கு வகுப்பு இல்லை. பயிருக்கு என்ன வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பயிரை நடுகிறவளுக்கு என்ன வேண்டும் என்று எழுதவில்லை. இதை எழுதவைப்பது விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கோரிக்கையாக வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். கூலி உயர்வைப் போலவே இதுவும் வேலை நிலைமை பற்றிய பிரச்னைதான்.

இப்போது தாமிரபரணிக்கே திரும்புவோம். மலையிலிருந்து இறங்கும்போது அது அருமையான தண்ணீர். அந்த ஆற்றில் மட்டுமே அடையாளம் காணப்பட்டு, அதன் பெயரையே வாங்கிக்கொண்ட ஒரு கெண்டை இனம் உண்டு. 1954-ல் சைலஸ் என்ற நம் நாட்டு விஞ்ஞானி அதை வர்ணித்தார். நீர்நாய்கள் இன்றும் இருக்கின்றன. நீர்நாய் மீனைத் தின்று பிழைக்கிற ஜந்து. அது இருக்கிற இடத்தில் மீன் இருக்கிறது என்று அர்த்தம். பாபநாசம் கோவில் படித்துறையில் ஜனங்கள் மீனுக்குப் பொரி போடுகிறார்கள். அதே படித்துறையில் பரிகாரம் என்று சொல்லிக் கட்டிய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். டன் கணக்கில் துணி வாரி எடுக்கப்பட்டிருக்கிறது. நைலான், பாலியஸ்டர் துணி மக்கவே மக்காது. பாறையிலும் வேரிலும் சுற்றி, மீன் முட்டையிடுகிற இடத்தை மூடிவிடும். யாருடைய நம்பிக்கையையும் நாம் இங்கே ஆராயவில்லை. கரையில் தொட்டி வைத்துத் துணியை அதில் போடச் சொன்னால் எந்தச் சாமியும் கோபிக்காது.

ஆனால் துணியைவிடப் பெரிய காரணம் சாக்கடை. விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று கரையெல்லாம் ஊர். திருநெல்வேலியில் பாதாளச் சாக்கடையும், இராமையன்பட்டியில் சுத்திகரிப்பு நிலையமும் உண்டு. இருந்தும் வாய்க்கால்கள் வழியாகச் சாக்கடை ஆற்றில் விழுகிறது என்பது ஐகோர்ட்டின் மதுரைக் கிளையில் திரும்பத் திரும்ப வழக்காகி, 2024 நவம்பரில் நீதிபதிகளே நேரில் வந்து பார்வையிடுகிற அளவுக்குப் போயிற்று. ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிப்பது நகரசபையின், மாநகராட்சியின் சட்டக் கடமை. 1974-ம் வருஷத்துத் தண்ணீர்ச் சட்டம் அதற்கு விலக்கு எதுவும் கொடுக்கவில்லை. சோப்புப் போட்டுக் குளிக்கிற ஏழையைப் படித்துறையில் விரட்டுவது சுலபம். குழாய் போட்டுச் சாக்கடையைத் திருப்புவதற்குப் பணம் வேண்டும், கண்காணிப்பு வேண்டும். அதனால்தான் போர்டுகள் எல்லாம் சோப்பைப் பற்றியே பேசுகின்றன.

செத்த ஆறு பிழைக்குமா என்றால், பிழைக்கும். லண்டன் நகரத்துத் தேம்ஸ் ஆற்றை 1957-ல் விஞ்ஞானிகள் உயிரற்ற ஆறு என்றே எழுதினார்கள். நகரத்தின் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பெரிதாக்கித் திருத்திக் கட்டினார்கள். பிராணவாயு ஏறிற்று. 1974-ல் சால்மன் மீன் ஒன்று அந்த ஆற்றில் அகப்பட்டது. சால்மன் பிராணவாயு குறைந்த இடத்தில் தங்காத மீன்.

வகுப்பின் முடிவில் தோழர்கள் சில கேள்விகள் கேட்டார்கள். பதில்களைச் சுருக்கித் தருகிறோம்.

ஆலைத் தொழிலாளர் ஒருவர் கேட்டது: "கழிவுநீர் என்று சொல்லி ஆலையை மூடிவிட்டால் எங்கள் கதி என்ன?"

நியாயமான பயம். திருப்பூரில் அது நடந்திருக்கிறது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் விழுந்தது. விவசாயத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாயிற்று. தண்ணீரைத் திறந்தால் கீழே பயிர் கருகும் என்று விவசாயிகளே திறக்காதே என்றார்கள். அங்கே பெரிய கேடு உப்பு. உப்பைக் கிருமி தின்னாது, காய்ச்சினாலும் போகாது, நூறு குடத்தில் கரைத்தாலும் உப்பு உப்புத்தான். கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று 2006-ல் ஐகோர்ட் சொன்னது. அது நிறைவேறவில்லை. 2011 ஜனவரியில் பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. இத்தனை வருஷமாகச் சுத்திகரிப்புச் செலவை மிச்சம்பிடித்தது முதலாளி. நிலத்தை இழந்தது விவசாயி. மூடிய மறுநாள் கூலியை இழந்தது தொழிலாளி. ஆகவே, கழிவு நிலையம் ஓடுகிறதா, எந்த ஷிப்டில் நிறுத்தி வைக்கிறார்கள், ராத்திரியில் எந்தக் குழாய் திறக்கிறது என்பது முதலில் தெரிகிறவர் ஆலைக்குள் இருக்கிற தொழிலாளிதான். கோர்ட் பூட்டுப் போடுகிறவரை காத்திராமல் சங்கம் அதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். துணி ஆலைக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: துணியிலிருந்து கழுவி விடுகிற கஞ்சி விஷம் அல்ல, ஆனால் கழிவின் பிராணவாயுப் பசியில் பெரிய பங்கு அதற்குத்தான்.

நம் குளத்தை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா என்று ஒரு தோழர் கேட்டார்.

கிருமியைக் கண்ணால் காண முடியாது. அதற்குப் பரிசோதனைச் சாலைதான். ஆனால் பிராணவாயுவின் நிலைமைக்குச் சாட்சிகள் தண்ணீருக்குள்ளேயே இருக்கின்றன. ஓடுகிற தண்ணீரில் கல்லைப் புரட்டிப் பாருங்கள். வாலில் இரண்டு மூன்று மயிர் போல நீட்டிக்கொண்டு தட்டையாக ஓடுகிற பூச்சிக் குஞ்சுகளும், மணலையும் குச்சியையும் ஒட்டவைத்துக் கூடு செய்து அதற்குள் இருக்கிற புழுக்களும் பல வகையாகத் தென்பட்டால் பொதுவாக நல்ல தண்ணீர். அவையெல்லாம் மறைந்து, சேற்றில் ரத்தச் சிவப்பாகப் புழு மட்டும் மண்டிக் கிடந்தால் பிராணவாயு போய்விட்டது என்று சந்தேகப்பட வேண்டும். அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தில் இருக்கிற சிவப்புச் சரக்கின் இனந்தான். கொஞ்சநஞ்சப் பிராணவாயுவையும் பிடித்துவைத்துக்கொள்ள அதற்கு உதவுகிறது. ஜெர்மனியில் இரண்டு விஞ்ஞானிகள் 1908, 1909-ம் வருஷங்களில் இப்படிச் செடியையும் ஜந்துவையும் சாட்சியாக வைத்து ஆற்றைத் தரம் பிரிக்கிற முறையை எழுதினார்கள். நம் குளத்துக்கு ஒரு எச்சரிக்கை: தேங்கிய தண்ணீரில் சிவப்புப் புழு கொஞ்சம் இருப்பது சகஜம். ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லாமல், மழைக்குப் பிறகும் கோடையிலும் ஒரே இடத்தில் பார்த்துக் குறித்து வர வேண்டும்.

கடைசியாக ஒரு தாய் கேட்டார்: "அந்த எண்களை யாரிடம் கேட்பது? கேட்டால் தருவார்களா?"

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தாமிரபரணியில் குறிப்பிட்ட இடங்களில் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் மனு எழுதுங்கள். வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு என்று தலைப்பிட்டு, சென்ற பன்னிரண்டு மாதத்தில் எந்தெந்தப் படித்துறையில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாதிரி எடுத்தீர்கள், பிராணவாயு எவ்வளவு, அழுக்கின் பிராணவாயுத் தேவை எவ்வளவு, மலக்கிருமி எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு என்று கேளுங்கள். மணியைக் கேட்க மறக்க வேண்டாம். ஊருக்கு மேலே ஒரு இடம், ஊருக்குக் கீழே ஒரு இடம் என்று இரண்டின் எண்களையும் சேர்த்துக் கேட்டால், நடுவில் என்ன விழுந்தது என்பது தானே தெரிந்துவிடும். நம் சங்கரன்கோவில், புளியங்குடிக்கு வருகிற குழாய்த் தண்ணீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தனி மனு. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. மனுவில் பத்து ரூபாய்க் கோர்ட் வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அத்தாட்சி இருந்தால் அதுவும் வேண்டாம்.